பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஒட்டினால் போதாதா, பெயின்ட் அடித்தே ஆகணுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொஞ்சம் விளக்கம் எழுதியிருக்கிறீர்கள்: கிட்டை ஒட்டி முடித்தாயிற்று, பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறமே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இதற்குமேல் பெயின்ட், அதைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ் என்று செலவு செய்தால் வீட்டில் சண்டை வரும். அதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

அடிக்கணும். அதுதான் என் பதில்.

ஜப்பான் கார்ட்டூனில் வரும் கன்டம் ரோபோ கிட் என்றால் விட்டுவிடலாம். பண்டாய் என்ற ஜப்பான் கம்பெனி 1980 முதல் போட்டுவரும் அந்த வகையில், இப்போதெல்லாம் ஒவ்வொரு பாகமும் அதனதன் நிறத்திலேயே வார்த்து வருகிறது. பசைகூட வேண்டாம், அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். பெயின்ட் தேவையில்லை என்று வீடியோ போடுகிறவர்களில் பலர் அதை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. நீங்கள் சாம்பல் பிளாஸ்டிக் என்று சொல்வதால் விமானமோ டாங்கியோ கப்பலோ ஒட்டியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கணக்கு வேறு.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் எம்டன் கதை கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் என்ற கேப்டன் ஓட்டிவந்த அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, சுமார் 130 குண்டுகளைப் பொழிந்துவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் உயிர்களும் போயின. அடுத்த நாட்களில் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். எங்கள் கொள்ளுத்தாத்தா குடும்பமும் மாட்டுவண்டியில் செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது என்று பாட்டி சொல்வார். உயர்நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்ததற்கு ஒரு கல்வெட்டே இருக்கிறது, போகிறவர் வருகிறவர் யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கப்பலை ரெவெல் கம்பெனி 1/350 அளவில் கிட்டாகப் போட்டிருக்கிறது என்று தெரிந்ததும் எப்படியோ தேடி வாங்கினேன். நிஜக் கப்பல் 118 மீட்டர். இந்த அளவில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் வரும். மேல்தளத்தில் நிற்கும் ஆள் வெறும் 5 மில்லிமீட்டர்.

ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும். கிட்டுக்கென்று விற்கும் சிமென்ட் உண்மையில் பசை இல்லை. அது இரண்டு பக்கத்துப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியை வைத்தாலே உள்ளே ஓடிவிடும். லேசாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். மறுநாள் அதைச் சுரண்டி, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் இணைப்பு இருந்த தடமே தெரியாது. இன்ஸ்டன்ட் பசை இந்த வேலையைச் செய்யாது. அதைப் பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் முழு உருவம் பெற்று மேஜைமேல் நின்ற அன்று மாமா வீட்டுக்கு வந்திருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அதான் முடிச்சிட்டியேடா, அழகா இருக்கு. அப்புறம் எதுக்குப் பெயின்ட்டு, நாத்தம், காசு?" என்றார். நீங்கள் கேட்ட அதே கேள்வி.

அவரிடம் நான் திருப்பிக் கேட்டது, "எந்த எம்டன் மாமா?" என்று.

போருக்கு முன்னால் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் நின்ற எம்டன் வெள்ளைவெளேர் என்று இருந்தது, புகைபோக்கிகள் மட்டும் மஞ்சள் பழுப்பு. கிழக்கின் அன்னம் என்றே அதற்குப் பட்டப்பெயர். போர் வந்ததும் அத்தனையும் சாம்பலாக மாறியது. சென்னைக்கு வந்தது சாம்பல் எம்டன். இரண்டுக்கும் உடம்பு ஒன்றுதான், மூன்று புகைபோக்கிகள், அதே 10.5 சென்டிமீட்டர் வாய்விட்டப் பீரங்கிகள். பிளாஸ்டிக்காக நிற்கிறவரை அது எந்த வருஷத்திலும் இல்லை, எந்தக் கடலிலும் இல்லை. வெள்ளை அடித்தால் அமைதிக் காலத்தில் சீனக் கரை. சாம்பல் அடித்தால் எங்கள் கொள்ளுத்தாத்தா வண்டி கட்டிய வாரம். மரமும் துணியும் வைத்து முல்லர் கட்டிய போலி நான்காவது புகைபோக்கியைச் சேர்த்தால் அது பினாங்கு, 1914 அக்டோபர் 28, ஆங்கிலேயர் கப்பல்போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்த விடியற்காலை. அடுத்த மாதம் 9 ஆம் தேதி கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டி எம்டன் ஒழிந்தது. இத்தனையில் எந்த நாளை நீங்கள் காட்டுகிறீர்கள் என்பதைப் பெயின்ட்தான் முடிவு செய்கிறது. கிட்டைச் செய்தவன் உருவம் கொடுத்திருக்கிறான், அது எந்த நாள் என்பதை நீங்கள்தான் கொடுக்கணும். "ரெடிமேடா வருது, இதுல உன் உழைப்பு என்ன?" என்று கேட்கிறவர்களுக்கும் என் பதில் இதுவே.

"சாம்பல் பிளாஸ்டிக்கின் மேல் சாம்பல் பெயின்ட்டா?" என்று யாராவது கேட்பார்கள் என்று தெரியும். பிளாஸ்டிக்கின் மேல் விழும் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கித் திரும்புகிறது, அதனால் ஓரங்கள் மழுங்கித் தெரியும். அதே நிறத்தைப் பெயின்ட்டாக அடித்துப் பாருங்கள், இரும்புத் தகடு தகடாகத் தெரியும்.

இனி சென்னைக்காரர்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினைக்கு வருகிறேன். இதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. லேக்கர் பெயின்ட்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பெயின்ட் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போகும். நம் ஊர் ஐப்பசி கார்த்திகையில் இது நிச்சயம் நடக்கும். நான் கப்பலைத் தொடுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்பூன்களை வரிசையாக வைத்து, வெவ்வேறு நேரத்தில் அடித்துச் சோதித்தேன். மழைக்கால மாலையில் அடித்தது மூடுபனிபோல வெளுத்தது. மே மாதம் காலையில், மேற்கிலிருந்து அனல்காற்று அடித்துக்கொண்டிருக்க, கடற்காற்று உள்ளே வருமுன் அடித்தது கண்ணாடிபோல வந்தது. ஒரே பெயின்ட், ஒரே தின்னர், ஒரே கை.

அதனால் எம்டனைப் பிரைமரோடு, அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சோடு நிறுத்தி, வெயில் காலம் வரை காத்திருந்தேன். நேரம் இல்லை என்பவர்கள் ரிடார்டர் கலந்த தின்னர் வாங்கிக்கொள்ளலாம். அது மெதுவாக ஆவியாவதால் வெளுப்பு குறையும். ஏற்கெனவே வெளுத்துவிட்டதென்றாலும் பதறவேண்டாம், காய்ந்த காற்றுள்ள நாளில் அந்தத் தின்னரை மட்டும் மெல்லப் பூவாகத் தூவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எனக்கு ஏர்பிரஷைவிட அது அதிகம் உதவியிருக்கிறது.

பிரைமரை வீண்செலவு என்று தள்ளாதீர்கள். கார் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்த்ததும் ஏன் உடனே நிறம் அடிப்பதில்லை என்று அங்கே வேலை செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தப்பிய கீறலையும் பள்ளத்தையும் பிரைமர் காட்டிக்கொடுத்துவிடும். எம்டனின் முன்மூக்கில், இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், ஒரு மயிரிழைப் பள்ளம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. பட்டி வைத்துத் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்து, அதற்கப்புறம்தான் நிறம்.

டெக்கால், அதாவது மாடல்மேல் ஒட்டும் மெல்லிய அடையாளப் படங்கள், ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடித்தே தீரணும். மேட் பரப்பு, அதாவது பளபளப்பில்லாத பரப்பு, நுண்ணிய அளவில் சொரசொரப்பானது. டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி, வெள்ளிபோல மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். வார்னிஷ், டெக்கால், மூலைமுடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த எண்ணெய்ப் பெயின்ட், எல்லாம் காய்ந்தபின் கடைசியாக மேட் பூச்சு. இந்த வரிசையை மாற்றவேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை கயிறு கட்டுவது. கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சூட்டில் சுழற்றி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். பாய்மரத்துக்குப் பாய்மரம் அதை ஒட்டி, தொய்வாக இருக்கும் இடத்தில் எரியும் ஊதுபத்தியை அருகில் கொண்டுபோனால் போதும், தொடவேண்டியதில்லை, இழை தானாக இறுகி நேராகிவிடும். பூஜை அறை ஊதுபத்தியே போதும். ஆனால் தின்னர் பாட்டிலை மூடி வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் நெருப்பைத் தொடணும். பெயின்ட் அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கணும். வெறும் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்குங்கள்.

செலவைப் பற்றிச் சொல்லாவிட்டால் "பணக்காரப் பொழுதுபோக்கு" என்று யாராவது வருவார்கள். ஏர்பிரஷ் கட்டாயம் இல்லை. அக்ரிலிக் பெயின்ட்டைப் பால் பதத்துக்கு நீர்த்து, நல்ல தட்டைத் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது என்று அடித்தால் அருமையாக வரும். 1952 இல் ஏர்ஃபிக்ஸ் கோல்டன் ஹிண்ட் என்ற சின்னக் கப்பல் கிட்டை வூல்வொர்த்ஸ் கடைகளில் விற்க ஆரம்பித்தபோது, அதை வாங்கியவர்கள் வீட்டில் ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்பிரஸரா இருந்தது? நம் நாட்டில் கிட் விலையை ஏற்றுவது வேறு விஷயம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 இல் 70 ஆனது. சுருக்கிய அளவு மாடல்களும் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்ற என்கிறார்கள், அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் 1/350 போர்க்கப்பலை இங்கே யார் தயாரிக்கிறார்கள், யாரைக் காப்பாற்ற இந்த வரி என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, மன்னிக்கவும். எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில் அம்மா எம்டனை மேல்படிக்கு அருகே தனியாக வைப்பார். வருகிறவர்களில் பாதிப்பேர் சுண்டலை வாங்கிக்கொண்டு, "இதுலதானே செண்பகராமன் பிள்ளை வந்தாரு" என்று ஆரம்பிப்பார்கள். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 1914 செப்டம்பரில் அவர் சூரிச்சில் இருந்தார். அந்நிய மண்ணில் உட்கார்ந்து இந்திய விடுதலைக்குக் கமிட்டி நடத்தியவருக்கு, தான் ஏறி வராத கப்பலில் ஒரு இடம் எதற்கு? செய்த வேலையைச் சொன்னாலே அவருக்குப் பெருமைதான். இதைச் சொன்னால் நான் தேசப்பற்று இல்லாதவன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அதற்காக நான் சொல்வதை நிறுத்தப்போவதில்லை.

உங்கள் கிட்டுக்கு வருவோம். வீட்டில் சண்டை வரும் என்று பயந்தால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கவேண்டாம். இந்த மாதம் ஒரு பிரைமர் கேனும் 800 நம்பர் வாட்டர் பேப்பரும் போதும். பிரைமர் அடிக்குமுன் மாடலைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் மெதுவாக அலசி, மறுநாள் வரை காயவிடுங்கள், விரல் பட்ட எண்ணெய்ப்பசை போய்விடும். அது காய்கிற நேரத்தில், நீங்கள் ஒட்டிய விமானமோ டாங்கியோ எந்தப் படைப்பிரிவில், எந்த வருஷத்தில், எந்த நிறத்தில் இருந்தது என்று பழைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபிறகு பெயின்ட் கடைக்குப் போனால், எந்த நிறம் வாங்குவது என்ற குழப்பமே உங்களுக்கு வராது.