முதலில் மாதம், அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் வண்டி
வாசகர் கேள்வி பதில்: பாலைவனப் பயணம்

பாலைவனத்தில் தங்குவது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள், ஜெய்சல்மருக்கு டிக்கெட் போட்டுவிட்டவர்கள், வேனையே வீடாக்க ஆசைப்படுபவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மகன் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் இருக்கிறான். மே கடைசியில் நானும் கணவரும் போகிறோம். அவருக்கு வயது 67, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. ஜூன், ஜூலையில் ஒரு ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்து டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ பாலைவனப் பூங்காக்கள் எல்லாம் ஒரு வாரம் சுற்றலாம் என்கிறான். போகலாமா?
(மடிப்பாக்கம் வாசகி)

பதில்: போகலாம் அம்மா, ஆனால் அந்த இரண்டு மாதத்தில் வேண்டவே வேண்டாம். நம் ஊரிலிருந்து பெற்றோர் கிளம்புவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில்தான், இங்கே கத்திரி வெயிலுக்குத் தப்பின மாதிரியும் ஆச்சு என்று. டெத் வேலியைப் பொறுத்தவரை அது எரிகிற அடுப்பிலிருந்து இறங்கி உலைக்குள் போவதுதான். 1913 ஜூலை 10 அன்று அங்கே ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றுவரை உலகத்தின் அதிகபட்ச வெப்பப் பதிவு. அது ஏதோ ஒருநாள் கூத்து என்று நினைக்காதீர்கள், ஜூலையில் 49 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம், இரவிலும் 32-க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியான பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. சுற்றிலும் மலை, சூடான காற்று மேலே போனாலும் வெளியேற வழியில்லாமல் திரும்பவும் உள்ளேயே இறங்கி இன்னும் சூடாகிறது.

"மெட்ராஸ் வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள்" என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். இங்கே வியர்வை ஊற்றும், சட்டை நனையும், உடனே தண்ணீர் கேட்போம். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது, தலை சுற்றும்போதுதான் தெரியும். பி.பி.க்குத் தரும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் வெளியேற்றுபவை, அவர் சாப்பிடுவது அந்த வகையா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால், நிறுத்திவைத்த வண்டிக்குள் அதை விட்டுவிட்டு இறங்கவே கூடாது.

இன்னொன்று, பல வாடகை நிறுவனங்கள் கோடையில் டெத் வேலிக்குள் வண்டியைக் கொண்டுபோக ஒப்பந்தத்திலேயே தடை போட்டிருக்கும். மீறிப் போய் வண்டி நின்றுவிட்டால் இழுத்துவரும் செலவு உங்கள் மகன் தலையில்.

டிக்கெட்டை மாற்ற முடியாதென்றால் அதே ஆர்.வி.யை செக்கோயா மலைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள், ஜூனில் அங்கே இதமாக இருக்கும். மாற்ற முடியுமென்றால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வையுங்கள். நான் சொல்வது முதலில் ஆன்சா பொரேகோ. கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா அது. அங்கே பொரேகோ பாம் கேன்யன் என்ற கேம்ப்கிரவுண்டில் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) தண்ணீர், கரண்ட், கழிவு மூன்றுக்கும் இணைப்பு கொடுத்த இடங்கள் இருக்கின்றன, வயதானவர்களோடு முதல் தடவை போவதற்கு இதைவிட வசதி வேண்டாம். மழை சரியாகப் பெய்த வருடம் என்றால் பிப்ரவரி கடைசி, மார்ச்சில் மண் முழுக்கக் காட்டுப்பூ. பக்கத்து ஊரான பொரேகோ ஸ்பிரிங்ஸில் தெருவிளக்கு வெளிச்சத்தையே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள், அதனால் இரவில் பால்வெளி மண்டலம் வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஜோஷுவா ட்ரீ லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சுமார் 225 கிலோமீட்டர்தான். ஆனால் பூங்காவுக்குள் எந்தக் கேம்ப்கிரவுண்டிலும் கரண்ட் இணைப்பு கிடையாது. குடிதண்ணீர் கிடைப்பது பிளாக் ராக், காட்டன்வுட் மாதிரி ஓரிரு இடங்களில்தான், கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் வசதியும் அந்த இரண்டில்தான். ஹிட்டன் வேலி, ஒயிட் டேங்க் இரண்டிலும் 25 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியில்லை. உயரமான இடம் என்பதால் டிசம்பர் இரவில் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிரும். கணவருக்குக் குல்லா, ஸ்வெட்டர் அவசியம்.

கேள்வி: ஆர்.வி. கழிப்பறை, குளியல் எல்லாம் எப்படி? யாரும் விவரமாகச் சொல்வதில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.
(அண்ணா நகர் வாசகி)

பதில்: கூச்சமே வேண்டாம், இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால்தான் பயணம் நாறிப்போகும். வண்டிக்கு அடியில் மூன்று தொட்டி. ஒன்றில் நல்ல தண்ணீர், நாலு பேர் போகிற நடுத்தர வண்டியில் சுமார் 150 லிட்டர் பிடிக்கும். இன்னொன்றில் சிங்க், குளியல் தண்ணீர் சேரும். மூன்றாவது கழிப்பறைத் தொட்டி. இணைப்பு இல்லாத இடத்தில் இந்த 150 லிட்டரில்தான் சமையல், பாத்திரம், குளியல் எல்லாம். 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் வறண்டபோது லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஓட்டிய சென்னைக்காரர்களுக்குச் சிக்கனத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம், அதே கணக்குத்தான். ஷவரைத் திறந்து உடம்பை நனைத்து, மூடிவிட்டுச் சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசிக்கொள்வார்கள். குடிக்கிற தண்ணீரைத் தொட்டியை நம்பாமல் தனியாக வாங்கி வையுங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர்.

நாம் கழிப்பறையில் தண்ணீர் உபயோகிப்பவர்கள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, தொட்டிக்குள் தண்ணீர் இருந்தால்தான் கழிவு இறுகாது. ஆனால் தொட்டி சீக்கிரம் நிரம்பும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள். உள்ளே ஒரு சின்னப் பலகையில் விளக்கு எரிந்து அளவைக் காட்டும், மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் காலிசெய்யப் போய்விட வேண்டியதுதான். காலிசெய்வது பெரிய வித்தையில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, தடிமனான குழாயை வண்டியின் வாயில் திருகிப் பூட்டி, மறுமுனையைத் தரையிலிருக்கும் துளைக்குள் நன்றாக இறக்கிவிட்டு, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது முழுக்க இறங்கி மூடின பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டி. இந்த வரிசை மாறக் கூடாது. சோப்புத் தண்ணீர் கடைசியில் ஓடினால்தான் குழாய் தானாகவே கழுவிக்கொள்ளும். வண்டியை எடுக்கும்போதே நிறுவனத்து ஆளை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள், மகன் அதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஆர்.வி.யில் நம்ம சமையல் நடக்குமா? மிக்ஸி, குக்கர் எடுத்துப் போகலாமா?
(தாம்பரம் வாசகி)

பதில்: கேஸ் அடுப்பு உண்டு, குக்கர் தாராளமாக வைக்கலாம். இங்கத்திய மிக்ஸியை எடுத்துப் போகாதீர்கள், அங்கே கரண்ட் 120 வோல்ட், நம்முடையது ஓடாது. வீட்டிலேயே மாவை அரைத்து டப்பாவில் போட்டு வண்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளைக்குத் தோசை ஓடும். கடுகு தாளிக்கும் முன் அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் புகை அலாரம் அலறும். வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி இருந்தால் பாத்திரம் கழுவும் தண்ணீர் பாதி மிச்சம். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் அமெரிக்க விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். அரிசோனா பக்கம் போய்விட்டுத் திரும்பினாலும் கலிஃபோர்னியா எல்லையில் வண்டியை நிறுத்திப் பழம், செடி இருக்கிறதா என்று கேட்பார்கள்.

கேள்வி: நம்ம ஊர் லைசென்ஸ் வைத்து அமெரிக்காவில் நானே ஆர்.வி. ஓட்டலாமா? இலவசமாகத் தங்க இடம் உண்டு என்கிறார்களே?
(போரூர் வாசகர்)

பதில்: சட்டப்படி ஓட்டலாம் சார். சுற்றுலாவுக்குப் போனவர் தன் நாட்டு லைசென்ஸோடு கலிஃபோர்னியாவில் ஓட்ட முடியும். ஆனாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். வாடகைக்காரர்களும் போலீஸும் அதைப் பார்த்தால் கேள்வி குறையும். என் யோசனை, அங்கே இருக்கும் பிள்ளையையே ஓட்ட விடுங்கள். வலது பக்கம் ஓட்டிப் பழகாதவர் முதல் தடவையே ஏழு மீட்டர் நீள வண்டியில் பழக வேண்டாம். பாம் ஸ்பிரிங்ஸுக்கு முன்னால் ஒரு கணவாய் வரும், ஆரல்வாய்மொழி மாதிரியே இரண்டு பக்கமும் காற்றாலைகள். அங்கே அடிக்கிற பக்கக் காற்றில் உயரமான வண்டி தள்ளாடும், வேகத்தைக் குறைத்துத்தான் போக வேண்டும்.

இலவச இடம் உண்மைதான். அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நிலங்களில் பல இடங்களில் காசில்லாமல் 14 நாள் வரை தங்கலாம். அரிசோனாவில் குவார்ட்சைட் என்றொரு சின்ன ஊர், குளிர்காலம் வந்தால் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க ஆர்.வி.யாக நிற்கும். வட மாநிலங்களின் பனியிலிருந்து தப்பி வரும் ஓய்வுபெற்றவர்கள் அவர்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மாதக்கணக்கில் தங்கவும் அங்கே தனி இடம் உண்டு, அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். இலவச இடத்தில் தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது, பெரும்பாலும் போனில் சிக்னலும் இருக்காது. மணல் ஓடை மாதிரித் தெரிகிற இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், எங்கோ மலையில் பெய்த மழை அந்த வழியாகத்தான் வெள்ளமாக வரும், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ஜெய்சல்மர். கூடாரத்தில் தங்க சாம் நல்லதா, குரியா? ஏ.சி. கூடாரம் எடுக்கட்டுமா?
(பெரம்பூர் வாசகர்)

பதில்: டிசம்பரில் ஏ.சி.க்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ரஜாய்க்கும் (பஞ்சு வைத்த கனத்த போர்வை) வெந்நீருக்கும் கொடுங்கள். பகலில் இதமான வெயில், ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே போகும். சாம் மணல்மேடு ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். வரிசையாகக் கூடாரம், பாட்டு, நடனம், ஸ்பீக்கர், நல்ல கூட்டம். இளவட்டங்களுக்குப் பிடிக்கும். குரி கொஞ்சம் தெற்கே, கிராமத்தோடு சேர்ந்த மணல், கூட்டம் குறைவு. கைக்குழந்தையோ பாட்டியோ கூட வந்தால் நான் குரியைத்தான் சொல்வேன். பணம் கட்டும் முன் போனிலேயே கேளுங்கள்: பாத்ரூம் கூடாரத்தோடு சேர்ந்ததா, வெந்நீர் குழாயிலா வாளியிலா, பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும். ஜீப்பில் மணல்மேட்டில் ஏற்றி இறக்கும் சவாரியைப் பாட்டிக்குத் தவிர்த்துவிடுங்கள், முதுகு தாங்காது. ஒட்டகத்துக்கு மூக்கிலோ முதுகிலோ புண் இருந்தால் வேறு ஒட்டகம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு காலைப்பொழுதை பாலைவன தேசியப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். கானமயில் உலகத்திலேயே 150-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது, அதில் பெரும்பங்கு அந்தப் பக்கத்தில்தான். நம் தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த பறவை அது, இன்று இங்கே ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளுக்கு அதை அவசியம் காட்டுங்கள்.

கேள்வி: பழைய டெம்போ டிராவலர் ஒன்று இருக்கிறது. படுக்கை, அடுப்பு வைத்து கேரவனாக்கி ராஜஸ்தான் வரை போகலாமா?
(அம்பத்தூர் வாசகர்)

பதில்: ஆசை புரிகிறது தம்பி, ஆனால் ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்தால் விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். மெக்கானிக்கிடம் போகும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கள். வீட்டு சிலிண்டரை வேனுக்குள் கட்டிவைத்து ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்கா மாதிரி தண்ணீர், கழிவு இணைப்பு கொடுத்த இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு, கேரள அரசு 2021-ல்தான் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. முதல் தடவை ஓட்டுநரோடு கேரவனை வாடகைக்கு எடுத்து அந்தப் பக்கம் இரண்டு ராத்திரி தங்கிப் பாருங்கள், ராஜஸ்தானை அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: அவ்வளவு தூரம் முடியாது. தமிழ்நாட்டிலேயே பாலைவனம் மாதிரி இடம் உண்டா?
(திருவொற்றியூர் வாசகி)

பதில்: திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு. நல்ல சிவப்பு மணல், இரும்புச்சத்துதான் அந்த நிறத்துக்குக் காரணம். காற்று சேர்த்த மேடுகள், நடுவே பனை, முந்திரி. குதிரைமொழித் தேரி வனத்துறையின் காப்புக்காடு, அதனால் கூடாரம் அடிக்கிற எண்ணம் வேண்டாம். திருச்செந்தூரில் தங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மணல் செருப்பைத் தாண்டிச் சுடும்.