வாசகர் கேள்வி-பதில்: புதியவர்கள் ஏன் வருவதில்லை?

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து, கடல்நிலை எச்சரிக்கைகளைத் தமிழில் காட்டும் கைபேசிச் செயலி ஒன்றை எழுதி, அதன் மூல நிரலை, பலர் சேர்ந்து நிரல் எழுதிப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் வெளியிட்டிருக்கிறோம். கல்லூரி மாணவர்கள் பலர் ஆர்வமாக விசாரிக்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட ஒரு வரி மாற்றம் அனுப்பியதில்லை. எங்கே தவறுகிறோம்?
– வாசகர், பாம்பன்

பதில்: ஆர்வம் இருந்தும் மாற்றங்கள் வராதபோது, காரணத்தை மாணவர்களிடம் தேடுவதைவிட, உங்கள் நால்வருக்கும் மனப்பாடமாகி எங்கும் எழுதப்படாமல் கிடக்கும் செய்திகளில் தேடுவதே சரி.

முதலில் உரிமத்தைப் பாருங்கள். உரிமம் குறிப்பிடாமல் வெளியிட்ட நிரலைப் பிறர் படிக்கலாமே தவிர, அதை மாற்றிப் பகிரும் உரிமை அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே எம்.ஐ.டி., ஜி.பி.எல். போன்ற திறந்த மூல உரிமம் ஒன்றை இன்றே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, நிரலைக் கணினியில் ஓடவைக்கும் கட்டம். புதியவர்கள் மனம் சோர்ந்து நின்றுவிடுவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் செயலியைத் தொட்டிராத மாணவர் ஒருவரை அழைத்து, நிறுவும் முறையை விளக்கும் ‘ரீட்மீ’ கோப்பை மட்டும் கொடுத்து, அவருடைய கணினியிலேயே நிறுவச் சொல்லுங்கள். அவர் திணறும்போது குறுக்கிட்டு உதவாமல், எந்த வரியில் நின்றார் என்று குறித்துக்கொண்டு, அன்றே அந்தக் கோப்பைத் திருத்துங்கள். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அறிவிப்பைப் போன்ற நேரடித் தரவு வந்தால்தான் செயலி இயங்கும் என்ற நிலை இருந்தால், உயர் அலை எச்சரிக்கை உள்ள நாள் ஒன்றும் கடல் அமைதியான நாள் ஒன்றும் அடங்கிய மாதிரிக் கோப்பைத் தொகுப்பிலேயே வையுங்கள். நிரலில் இதுவரை செய்த மாற்றங்களின் முழு வரலாற்றையும் இறக்காமல் அண்மை நிலையை மட்டும் பெற உதவும் ‘டெப்த் 1’ கட்டளையையும் எழுதிவைத்தால், இணையம் மெதுவாக இருக்கும் ஊர்களிலிருந்து முயல்பவர்களுக்குப் பெரும் நேரம் மிச்சமாகும்.

சிறு வேலைகளுக்கு ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவருக்கு ஏற்ற முதல் வேலை) என்ற அடையாளம் இடுவது வழக்கம். அடையாளம் மட்டும் போதாது. எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும், வேலை முடிந்தால் திரையில் என்ன தெரிய வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்பவற்றையும் அதில் எழுதுங்கள். மீன் இறங்குதளங்களின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பது அத்தகைய வேலை. தொண்டியிலோ ஏர்வாடியிலோ பிறந்து வளர்ந்தவர் அதை உங்களைவிட நன்றாகச் செய்வார். நீங்களே பத்து நிமிடத்தில் முடித்துவிடக்கூடியதாக இருந்தாலும், அதைப் புதியவருக்காக விட்டுவையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாற்றம் அனுப்பியவருக்கு நீங்கள் தரும் பதில். நிரலைத் தானாகச் சோதிக்கும் கிட்ஹப்பின் இலவச வசதியைச் சிலர் மறைநாணயம் (கிரிப்டோ நாணயம்) ஈட்டத் தவறாகப் பயன்படுத்தியதால், பொதுத் தொகுப்புகளுக்கு முதன்முறை வருபவரின் மாற்றத்தில் தானியங்கிச் சோதனைகள் ஓடுவதற்குப் பராமரிப்பாளர் அனுமதி தர வேண்டும் என்ற ஏற்பாடு 2021இல் வந்தது. நீங்கள் பார்க்காத ஒவ்வொரு நாளும் அவர் காண்பது ‘காத்திருக்கிறது’ என்ற நிலையை மட்டுமே. தன் மாற்றம் பிழையானதோ என்று எண்ணி அவர் விலகிவிடுவார். ஆகவே அனுமதியை உடனே கொடுத்து, முழுமையாகப் படிக்க நேரமில்லாவிட்டாலும் எந்த நாளில் படிப்பீர்கள் என்பதைத் தமிழிலேயே எழுதுங்கள். வெற்றிடம், உள்தள்ளல் போன்றவற்றைக் கருவியே திருத்தட்டும்; அவற்றுக்காக ஒருவரின் முதல் புல் ரிக்வெஸ்டை, அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தை, திருப்பி அனுப்புவதை நான் ஏற்பதில்லை.

பரிசு அறிவித்து ஆள் சேர்க்கவும் வேண்டாம். திறந்த மூலத் திட்டங்களுக்கு மாற்றம் அனுப்புவோருக்குப் பரிசு தரும் நிகழ்வாக 2014இல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட், டி-ஷர்ட்டுக்காகக் குவிந்த பயனற்ற மாற்றங்களால் 2020இல் விதியை மாற்றி, தாமாக விரும்பிச் சேரும் திட்டங்களை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாக, விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாட்களில், கரையில் இருக்கும் மீனவர்களையும் மாணவர்களையும் ஒன்றாக அமர்த்திச் செயலியைச் சோதிக்கச் செய்யுங்கள். கடலுக்குப் போகிறவர் சுட்டிக்காட்டும் பிழையை மாணவர் பதிவு செய்தால், அது இருவருக்குமே முதல் பங்களிப்பாகும்.

கேள்வி: என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது, ஆங்கிலமும் சரளமாக வராது. நான் பங்களிக்க முடியுமா?
– மாணவி, தேவிபட்டினம்

பதில்: தாராளமாக முடியும். 2004இல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துக்கு ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ என்ற ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் தெருவின் தளம் என்ன, கடை எப்போது திறக்கும் என்று அது கேட்கும். நீங்கள் சொல்லும் பதில், உங்கள் கணக்கின் பெயரில் வரைபடத்தில் சேரும். இணையம் இல்லாத இடத்தில் பதிலளித்துவிட்டுப் பிறகு பதிவேற்றவும் செய்யலாம். நிரல் தொகுப்புகளில் ஈடுபட விரும்பினால், கிட்ஹப் பக்கத்தில் பென்சில் குறியைத் தொட்டு, உரைக்கோப்பு ஒன்றின் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். தேவையான நகலை அத்தளமே உருவாக்கி, மாற்றத்தை அனுப்பும் படிவத்தையும் உங்கள் முன் வைக்கும்.