வலு இரட்டித்தால் வேகமும் இரட்டிக்குமா?

கேள்வி: என்னிடம் 800 சீசீ சிறிய கார் ஒன்று இருக்கிறது. அதன் எஞ்சின் 48 பரிவலு தருவதாகவும், மட்டமான வீதியில் அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர் எனவும் சொல்கிறார்கள். அப்படியானால் 96 பரிவலு எஞ்சினைப் பொருத்தினால் அது 280 கிலோமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும் அல்லவா? இதைப் பற்றி கராஜில் எழுந்த வாக்குவாதம் முற்றி, இரண்டு நண்பர்கள் ஒரு வாரமாக முகம் பார்ப்பதில்லை. (வாசகர், உவர்மலை)

பதில்: ஓடாது. உங்கள் காரின் உருவமும் எடையும் இப்போது இருப்பது போலவே இருக்க, எஞ்சினின் வலு மட்டும் 96 ஆக உயர்ந்தால், அது ஏறத்தாழ 185 கிலோமீற்றரை எட்டி அதற்கு மேல் நகராது. 280ஐத் தொடுவதென்றால் 320 பரிவலு அளவுக்கு வேண்டியிருக்கும். இது இப்போதுள்ள வலுவைப் போல் ஆறரை மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதைச் சொன்னால், உங்கள் நண்பர்கள் இருவரும் சமாதானமாகக்கூடும்.

முதலில், பரிவலு என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவாக்கிக் கொள்வோம். ஒரு சீமெந்து மூட்டையின் நிறை 50 கிலோகிராம். ஒன்றரை மூட்டையை, அதாவது 75 கிலோகிராமை, ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்குத் தேவையான வலுவே ஒரு மெட்ரிக் பரிவலு. வாற்றுக் கணக்கில் அது 735.5. உங்கள் கார் முழு மூச்சில் இயங்கும்போது அத்தகைய 48 வலுக்களைத் தருகிறது. அவற்றில் எட்டில் ஒரு பங்களவு கியர்ப்பெட்டியிலும் அச்சுகளிலும் உராய்வாகவும் வெப்பமாகவும் கழிந்துவிடுவதாகக் கொண்டால், சில்லுகளை வந்தடைவது ஏறத்தாழ 42 மட்டுமே.

அந்த 42 எங்கே செலவாகிறது என்பதுதான் கேள்வியின் உயிர். மட்டமான வீதியில் ஒரே வேகத்தில் ஓடும் காரை இரண்டு தடைகள் பின்னே பிடித்து இழுக்கின்றன. ஒன்று, டயர் வீதியில் அழுந்தி உருளும்போது எழும் தடை. இது காரின் எடையைப் பொறுத்ததே தவிர, வேகம் கூடியதற்காகப் பெரிதாக மாறுவதில்லை. மற்றது வளித்தடை. ஆடி மாதத்துப் பிற்பகலில், கச்சான் காற்று முகத்தில் அறைய, கண்டி வீதியில் சீனக்குடாப் பக்கமாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்த இரண்டாவது தடையைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை: இருக்கையை விட்டு எழுந்து, உடம்பின் முழுப் பாரத்தையும் மிதியில் இறக்கினாலும் சில்லு கெஞ்சிக் கெஞ்சித்தான் உருளும், கைபிடியை நோக்கிக் குனிந்து மார்பை ஒடுக்கிக் கொண்டால் சற்று இலகுவாகும். வீதி அதேதான், டயர்களும் அவைதான். மாறியது காற்றுக்கு நாம் காட்டிய முகப்பின் அளவு மட்டுமே.

வளித்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. இதுவரை பெரும்பாலானோர் வந்துவிடுகிறார்கள். இதற்கடுத்த படியில்தான் கராஜ் வாக்குவாதங்கள் தடம் புரளுகின்றன. தடை என்பது ஒரு விசை. வலு என்பது அந்த விசையை எவ்வளவு விரைவாக வென்றுகொண்டு போகிறோம் என்பதன் அளவு, அதாவது விசையை வேகத்தால் பெருக்க வருவது. வேகம் இரட்டிக்கும்போது தடை நான்கு மடங்காவதோடு நின்றுவிடாமல், அந்த நான்கு மடங்கு தடையை ஒவ்வொரு செக்கனிலும் இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளிச் செல்ல வேண்டியும் இருப்பதால், வளியை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகிவிடுகிறது. வலு வேகத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, ஏற்ப வளர்கிறது என்பதன் பொருள் இதுதான்.

ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோகிராம் எடையுள்ள, சாதாரண உருவமுடைய ஒரு சிறிய காருக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடச் சில்லுகளுக்குத் தேவைப்படுவது 4 பரிவலுவுக்கும் குறைவு. 100 கிலோமீற்றரில் அது ஏறத்தாழ 17. 140இல் 40. கையில் இருப்பதோ 42. ஆகவே 140ஐச் சற்றே தாண்டிய ஓரிடத்தில் வரவும் செலவும் சரிக்குச் சரியாகி, மேற்கொண்டு வேகம் கூட்டுவதற்கு எதுவும் மிஞ்சாமல் போகிறது. உச்ச வேகம் என்று நாம் சொல்வது அந்த இடத்தைத்தான். நமது வீதிகளில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட 70 கிலோமீற்றரில் உங்கள் எஞ்சினின் பெரும்பகுதி வலு வேலையின்றிச் சும்மா இருக்கிறது என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது. மேட்டில் ஏறவும் முந்திச் செல்லவும் உதவுவது அந்த மிச்சமே.

காகிதக் கணக்கை நம்பாதவர்களுக்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2005இல் விற்பனைக்கு வந்த புகாட்டி வேரோன் காரின் வலு 1,001 பரிவலு. உச்ச வேகம் 407 கிலோமீற்றர். 2010இல் அதன் சூப்பர் ஸ்போர்ட் வகையில் வலுவை 1,200 ஆக உயர்த்தினார்கள். வலு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வேகம் நூற்றுக்கு ஆறு அளவே கூடும் என்கிறது கன விதி. அதன்படி 432 வர வேண்டும். சோதனைப் பாதையில் கிடைத்தது 431. உருவத்திலும் சில திருத்தங்கள் செய்யப்பட்டிருந்ததால் இதை அச்சொட்டான நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு முழுச் சிறு காரின் வலுவைப் போல் நான்கு மடங்கை மேலதிகமாகக் கொட்டியும் கிடைத்தது 24 கிலோமீற்றர்தான். வாங்குவோருக்குக் கொடுத்த கார்களில் டயர்களைக் காப்பதற்காக அந்த வேகத்தையும் 415இல் கட்டுப்படுத்திவிட்டார்கள்.

கேள்வி: என் சகோதரர் வைத்திருக்கும் மின்சாரக் கார் முதல் தலைமுறை நிசான் லீஃப். அதன் வலு 109 பரிவலு. உங்கள் கணக்குப்படி அது 180ஐத் தாண்ட வேண்டும். ஆனால் 150ஐக்கூடத் தாண்டாது என்கிறாரே? (வாசகி, உப்புவெளி)

பதில்: உங்கள் சகோதரர் சொல்வது சரி. வலு போதியதாக இருப்பது ஒரு நிபந்தனைதான். அந்த வலுவைத் தரும் சுழற்சியில் எஞ்சின் அல்லது மோட்டார் இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. லீஃப் காருக்கு மாற்றக்கூடிய கியர்கள் கிடையாது. மோட்டார் ஏறத்தாழ எட்டுச் சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். எக்காலத்திலும் அதே விகிதந்தான். மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றும்போது சில்லு 1,250 சுற்றுச் சுற்றும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீற்றர். ஆக நிமிடத்துக்கு 2,500 மீற்றர், மணிக்கு 150 கிலோமீற்றர். அதற்கு மேல் விரைவதற்கு வலு இருந்தாலும், மோட்டாரை அதைவிடப் பெரிதாக வேகமாகச் சுற்ற விட முடியாது. தயாரித்தவர்கள் தெரிந்தே செய்த தெரிவு இது: சில்லுக்குக் கிடைக்கும் முறுக்கம் கூடுவதால், சந்தியில் பச்சை விழுந்ததும் அந்தக் கார் பாய்ந்து கிளம்புகிறது, விலையாகக் கொடுத்தது யாருக்கும் தேவைப்படாத உச்ச வேகத்தை.

பெற்றோல் கார்களிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. ஐந்து கியர் உள்ள பல சிறிய கார்கள் தமது உச்ச வேகத்தை நான்காவது கியரிலேயே எட்டுகின்றன. ஐந்தாவதுக்கு மாற்றினால் எஞ்சினின் சுழற்சி தணிந்து, முழு வலு கிடைக்காமல், வேகம் குறையத் தொடங்கும். ஐந்தாவது கியர் எரிபொருளை மிச்சம் பிடிக்க வைத்தது. கண்டி வீதியில் ஓடும் பஸ்ஸுக்கு உங்கள் காரைவிட மூன்று மடங்கு வலு இருந்தும் அது விரைந்து ஓடாததற்கு, சுவர் போன்ற அதன் முகப்பு ஒரு காரணம் என்றால், ஐம்பது அறுபது பேரோடு மேட்டில் ஏறுவதற்கு ஏற்ப அமைந்த கியர்களும், நிமிடத்துக்கு 2,500 சுற்றளவோடு நின்றுவிடும் டீசல் எஞ்சினும் மற்றக் காரணங்கள்.

கேள்வி: திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் போகும்போது கார் இழுபடுவது போலவும், திரும்பும்போது இலேசாக ஓடுவது போலவும் தோன்றுவது வெறும் மனப்பிரமையா? ஆட்கள் ஏறினால் உச்ச வேகம் குறையுமா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: கச்சான் வீசும் மாதங்களில் அது பிரமை அல்ல. தென்மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீற்றரில் காற்று வருகிறது என்று வையுங்கள். கந்தளாயை நோக்கி 70இல் ஓடும் கார் உண்மையில் 100 கிலோமீற்றர் வேகக் காற்றைச் சந்திக்கிறது. வளித்தடை இரண்டு மடங்காகிறது. திரும்பி வரும்போது அது சந்திப்பது 40 மட்டுமே. தடை மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஒரே வீதியில் ஒரே வேகத்தில் போகவும் வரவும் இடையே ஆறு மடங்கு வித்தியாசம். மேலே சொன்ன 48 பரிவலுக் காரின் உச்ச வேகத்தையே இத்தகைய எதிர்க்காற்று 125 அளவுக்கு இறக்கிவிடும்.

ஆட்கள் ஏறுவதால் உச்ச வேகம் மிகச் சிறிதளவே குறையும், ஏனெனில் அந்த வேகத்தில் செலவின் பெரும்பங்கு வளிக்கே போகிறது. எடை தன் கைவரிசையைக் காட்டுவது கிளம்பும்போதும், கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறும் வீதியிலுந்தான்.

கேள்வி: பெரிய சைலன்சரும் அகலமான பெரிய சில்லுகளும் போட்டால் வேகம் கூடும் என்கிறார்களே? (வாசகர், மூதூர்)

பதில்: சத்தம் நிச்சயமாகக் கூடும். சாதாரண எஞ்சினில் சைலன்சர் மாற்றுவதால் நூற்றுக்கு ஐந்து வலு கூடியதென்றே வைத்துக்கொண்டாலும், வேகம் கூடுவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகவே இருக்கும். விட்டம் பெரிய சில்லு, கியரை உயர்த்தியது போன்ற விளைவைத் தரும். இழுக்க வலுவில்லாத எஞ்சினுக்கு அது கூடுதல் சுமை. அகலமான டயர் காற்றையும் கூடுதலாகச் சந்திக்கிறது, உருளும்போதும் கூடுதலாகத் தடுக்கிறது.

கேள்வி: அப்படியானால் சிறிய கார்களின் வேகமானியில்கூட 160, 180 என்று எழுதியிருப்பது ஏன்? (வாசகர், குச்சவெளி)

பதில்: வேகமானியின் தட்டு எஞ்சின் தந்த வாக்குறுதி அல்ல. 180 என்ற எண் ஜப்பானிலிருந்து வந்த பழக்கம். அங்கே உற்பத்தியாளர்கள் தமக்குள் இணங்கி, சாதாரண கார்களை 180 கிலோமீற்றரிலும், 660 சீசீக்கு உட்பட்ட சிறிய வகைக் கார்களை 140இலும் கட்டுப்படுத்தி வந்திருக்கிறார்கள். அத்துடன் பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதியின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. ஆனால் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீற்றரும் கூட்டிக் காட்டலாம். ஆகவே உவர்மலை வாசகரின் நண்பர்களில் எவராவது முள் 140ஐத் தொட்டதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தால், கார் உண்மையில் ஓடியது 130ஆகவும் இருந்திருக்கலாம். வேகமானி சரிதானா என்று பார்க்க அவ்வளவு விரையவும் தேவையில்லை: நிலாவெளி வீதியில் 50இல் ஓடும்போது, பக்கத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியின் ஜீபீஎஸ் காட்டும் எண்ணைப் படித்துச் சொன்னாலே போதும்.