விளக்கை மாற்றினால் தலைவலி போகுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன், வயது 54. எங்கள் கோயிலில் பல வருடமாகப் பியானோ வாசிக்கிறேன். சாயங்காலப் பயிற்சியில் நோட்ஸ் மங்கலாகத் தெரிகிறது. அரை மணி நேரத்தில் நெற்றியும் பிடரியும் வலிக்கின்றன. வளைத்துத் திருப்புகிற எல்.இ.டி. விளக்கு வாங்கலாம் என்கிறான் மகன். அது கண்ணைக் கெடுக்குமாமே?

பதில்: கெடுக்காதம்மா, வாங்குங்கள். மேசை விளக்கின் நீல ஒளி விழித்திரையைப் பாதிக்கும் அளவுக்கு இல்லை. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கூடுதல் வெளிச்சம் உங்களுக்கு வேண்டியதே.

ஆனால் பிடரி வலி என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். வெள்ளெழுத்துக் கண்ணாடி, பைபிளைக் கையில் பிடித்துப் படிக்கிற 40 செ.மீ. தூரத்துக்குக் கொடுப்பது. பியானோவில் நோட்ஸ் இருப்பதோ 60, 70 செ.மீ. தள்ளி, கண்ணுக்கு நேராக. நீங்கள் போடுவது பைஃபோக்கல் (மேலே தூரத்துக்கு, கீழே படிக்க) என்றால், கீழ்ப்பாதி வழியே பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே வாசிப்பீர்கள். பிடரி வலிக்காமல் என்ன செய்யும்? வாசிக்கிற மாதிரி உட்கார்ந்து, கண்ணோரத்திலிருந்து நோட்ஸ் வரை ஒரு நூலைப் பிடித்து வெட்டச் சொல்லுங்கள் மகனை. கண் பரிசோதனைக்குப் போகும்போது அந்த நூலையும் கொண்டு போங்கள். 40 செ.மீ.க்கு 2.5 பவர் என்றால் 65 செ.மீ.க்கு 1.5 போதும். பியானோவுக்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

சரி, விளக்கு. தலை நீளமாக இருக்கட்டும். குட்டி விளக்கு நடுப்பக்கத்தை மட்டும் பளிச்சென்று காட்டி ஓரங்களை இருட்டாக்கிவிடும். நோட்ஸ் மேல் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்துப் பாருங்கள். அதில் பல்ப் தெரிந்தால் கண்கூச்சம் அங்கிருந்துதான்; தெரியாத வரை விளக்கை நகர்த்துங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, பென்சிலை முன்னால் வேகமாக ஆட்டுங்கள். பல பென்சில்களாகத் தெரிந்தால் அந்த விளக்கு துடிக்கிறது, தலைவலி தரலாம், வேண்டாம். அறை விளக்கும் எரியட்டும். இரும்பு ஸ்பிரிங் வைத்த கை நம் உப்புக்காற்றுக்குத் தாங்காது. என் மேசை விளக்கு துருவேறி, இப்போது குனிந்தது குனிந்தபடிதான்.

உற்றுப் படிக்கும்போது இமைப்பதே குறைந்துவிடும். கடல்காற்றும் முகத்தில் அடித்தால் கண் காய்ந்து மங்கும். அந்தப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கம் புரட்டும்போதெல்லாம் கண்ணை மூடித் திறங்கள்.

விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கண் சிவந்து கடுமையாக வலித்தால், கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். உடனே கண் மருத்துவரிடம் போங்கள், ராத்திரியானாலும் சரி.