கிரீன் கார்டு நேர்காணலில் அவர் செய்ததையெல்லாம் சொல்லலாமா?

அம்மா, வணக்கம்.

எனக்குத் திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இருப்பது அமெரிக்காவில், டாலஸ் பக்கம். அடுத்த மாதம் அங்கே குடியேற்ற அலுவலகத்தில் எனக்கு நேர்காணல் இருக்கிறது, அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது கும்பகோணத்து மாப்பிள்ளையோடு. அவர் அங்கே போய் சிட்டிசன் ஆனவர். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆவதற்குள் நான் அங்கே போய்விட்டதால் எனக்கு இரண்டு வருஷக் கார்டுதான் கொடுத்தார்கள். அது முடியும் சமயத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்று ஒரு படிவம் போட்டால்தான் பத்து வருஷக் கார்டு வரும். அதற்குள் விவாகரத்து ஆகிவிட்டது. அவர்தான் போட்டார், நான் போடவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதனால் சேர்ந்து போடவேண்டும் என்பதிலிருந்து வெய்வர், அதாவது விலக்கு, கேட்டு நான் மட்டும் தனியாக அந்தப் படிவத்தைப் போட்டிருக்கிறேன். கார்டை 48 மாதம் நீட்டித்த ரசீதுக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன்.

அம்மா, அந்த மனுஷனோடு நான் ஒருநாள்கூட வாழவில்லை என்றுதான் சொல்லவேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கடைசிவரை சொன்னதில்லை. ஜாயின்ட் அக்கவுண்ட் இருந்தது, வாடகைக்கும் மளிகைக்கும் ஆகிற பணத்தை மட்டும் அதில் போடுவார், மீதி எங்கே போனது என்றால் தம்பிக்கு வீடு கட்ட. கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றால் அப்புறம் அப்புறம் என்பார். கார் இல்லாமல் அங்கே பால்கூட வாங்க முடியாது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் அம்மா தினமும் வீடியோ காலில் வந்து எங்கள் சமையலறையைப் பார்த்துத்தான் போனை வைப்பார். ஒருமுறை எனக்கு நாலைந்து நாள் காய்ச்சல், அந்த அம்மா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, இவர் ரசம் வைத்து டம்ளரில் ஊற்றி மேஜையில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் ஆபீஸ் போய்விட்டார், அப்படிப்பட்ட ஆள். பெரிய சண்டையில் 'உன்னை இங்கே கூட்டி வந்ததே நான்தான்' என்றார். அதை மட்டும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

எனக்குக் கல்யாணம் செய்ய அப்பா மூன்று மா நிலத்தை விற்றார். அந்தப் பணத்துக்கும் மரியாதை இல்லை.

வக்கீல் ஒரு லிஸ்ட் கொடுத்திருக்கிறார்கள். சேர்ந்து வரி கட்டிய காகிதம், இரண்டு பேர் பெயரிலும் இருந்த வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபோட்டோ. எல்லாம் சேர்த்துவிட்டேன். ஃபோட்டோ என்றால் ரிசப்ஷனில் வரிசையாக நிற்பது, அது போதும் என்று நினைக்கிறேன். மும்பையில் விசா நேர்காணலுக்குப் போனபோது ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போனேன், அப்போது பயமே இல்லை. இப்போது பீரோவைக் கிளறும்போது ஆடிப்பெருக்கன்று சித்தப்பா மகன் எடுத்த ஒன்று கிடைத்தது, கல்யாண மாலையை ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிறோம், படியெல்லாம் பாசி, அவர் நனைந்த வேட்டியோடு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறேன், எதற்கென்று ஞாபகமில்லை. அது வேண்டாமென்று திரும்பப் புடவைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். அது இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தில் முதல் வருஷம் என் பெயர் இல்லை, அவர் வேண்டுமென்றே செய்தது, அதையும் அதிகாரியிடம் சொல்லப்போகிறேன்.

அப்பாவும் உதவி செய்ய மாட்டேன் என்கிறார். கல்யாணத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தால் நல்லது என்று வக்கீல் சொன்னதால் அவரிடம் கேட்டேன். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17-க்கு இறங்கட்டும் என்று தார்ப்பாயும் கையுமாகக் காவல் கிடக்கிறார், அங்கேயே போய்க் கேட்டேன். 'நீதானம்மா ஒருநாள்கூட வாழலேன்னு சொன்னே, நான் என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போடறது' என்கிறார். பெற்ற பெண்ணுக்காக இதுகூடச் செய்யக்கூடாதா? என்னைப் பெற்ற அம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தெருவில் இன்னும் ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் செய்ததையெல்லாம் தேதிவாரியாகப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். அதை அதிகாரியிடம் கொடுக்கலாமா? அவர் எனக்கு எதிராக ஏதாவது எழுதிப் போட்டிருந்தால்? அங்கே போய் அழுதுவிட்டால் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்களா? அழாமல் இருக்க ஏதாவது வழி சொல்லுங்கள் அம்மா.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்.

அன்பு மகளுக்கு,

உன் கேள்விகளுக்கு வருகிறேன், அதற்கு முன்னால் அந்த ஆடிப்பெருக்கு ஃபோட்டோ. 'அது இருக்கட்டும்' என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே வாடகை ஒப்பந்தத்துக்குத் தாவிவிட்டாய். இவ்வளவு நீளக் கடிதத்தில் நீ சிரித்ததாக வருகிற இடம் அது ஒன்றுதான், அதைத்தான் எடுத்த இடத்திலேயே வைத்து மூடியிருக்கிறாய். எதற்கு?

அவருடைய குற்றங்கள் நிறைந்த கட்டுக்குள் அந்தப் படம் பொருந்தவில்லை, அதனால்தான். 'ஒருநாள்கூட வாழவில்லை' என்று வீட்டில் சொல்லிவிட்டாய், எனக்கும் எழுதிவிட்டாய், அப்படியானால் ஆற்றுப்படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அந்தப் பெண் யார் என்று யாராவது கேட்டால் உன்னிடம் பதில் இல்லை. நேர்காணலில் அதிகாரி கேட்கப்போவதும் கிட்டத்தட்ட அதையேதான். உனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த அலுவலகத்தைப் பார்த்து இல்லையம்மா. சத்தியம் செய்து உட்கார்ந்து, 'ஆமாம், இது நிஜக் கல்யாணம், அவரோடு வாழவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போனேன்' என்று உன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதை நினைத்து. மும்பையில் உன்னிடம் கேட்டதும் இதைத்தான், அன்றைக்கு ஆல்பத்தோடு போய்ச் சொல்லிவிட்டு வந்தாய். அன்றைய பதில் இன்றைக்குப் பொய்யாகிவிடவில்லை.

என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள், நீ மட்டும் இல்லை. கல்யாணம் முறிந்தால், அது ஆரம்பத்திலிருந்தே மோசடி என்று முடிவு கட்டிவிடுவது வசதி. மோசடி என்றால் நீ ஏமாற்றப்பட்டவள், அவ்வளவுதான், ஊர் பரிதாபப்படும், அப்பா விற்ற நிலத்துக்கும் ஒருத்தன்மேல் பழி போட்டாயிற்று. நிஜமாக ஆரம்பித்து நடுவில் கெட்டுப்போனது என்று ஒப்புக்கொண்டால் அதற்காக அழவேண்டும், என்ன ஆயிற்று என்று யோசிக்க வேண்டும். நீ இன்னும் அழவில்லை. கோபப்பட்டிருக்கிறாய், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய், அழமட்டும் இல்லை. அந்த அழுகை நேர்காணல் அன்றைக்குப் பார்த்து வந்துவிடுமோ என்று பயந்துதான் என்னிடம் வழி கேட்கிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் போனார் என்று எழுதியிருக்கிறாய். ரசம் வைத்து ஊற்றி வைத்துவிட்டுப் போனார் என்றும் அதே வரியில் எழுதியிருக்கிறாய். காலையில் ஆபீஸுக்குக் கிளம்புகிற ஆள் புளி கரைத்து மிளகு சீரகம் தட்டி வைத்ததை நீ எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறாய் பார். அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. சம்பளத்தை மறைத்தது தப்பு, உன்னை கார் ஓட்ட விடாமல் வீட்டுக்குள் உட்காரவைத்தது அதைவிடத் தப்பு, 'கூட்டி வந்ததே நான்தான்' என்ற பேச்சுக்கு மன்னிப்பே கிடையாது, நீ அதை மறக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பேசத் தெரியாத ஒருத்தர், அம்மாவுக்கு எதிரில் வாய் திறக்காத ஒருத்தர், உனக்குப் புருஷனாக லாயக்கில்லாமல் போயிருக்கலாம். அவர் முதல் நாளிலிருந்தே உன்னை ஏமாற்றத் திட்டம் போட்டவர் என்பதற்கு மட்டும் உன் கடிதத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, இப்போது அந்தப் பக்கம் பக்கமான காகிதம். கொடுக்காதே.

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த விஷயமாக வந்தவர்களோடு உட்கார்ந்து சில அடிப்படைகளைத் தெரிந்துவைத்திருக்கிறேன். கார்டுக்காகப் பொய்க் கல்யாணம் செய்கிறார்கள் என்று சொல்லித்தான் 1986-ல் அமெரிக்காவில் இந்த இரண்டு வருஷ நிபந்தனையைக் கொண்டுவந்தார்கள். அப்போது உன்னைப் போல விவாகரத்து ஆனவர் தனியாக விண்ணப்பித்தால், விவாகரத்துக் கேட்டது அந்த விண்ணப்பிப்பவராகவே இருக்க வேண்டும், அதற்குத் தக்க காரணமும் காட்ட வேண்டும் என்று இருந்தது. அந்த நாளாக இருந்தால் நீ எழுதி வைத்திருக்கிற கட்டுக்கு ஒரு உபயோகம் இருந்திருக்கும், 'அவர்தான் போட்டார்' என்பது உனக்கு எதிராகக்கூடப் போயிருக்கும். 1990-ல் அதை எடுத்துவிட்டார்கள். யார் விவாகரத்துப் போட்டது, யார்மேல் தப்பு என்பது இப்போது கேள்வியே இல்லை. கல்யாணம் நல்ல எண்ணத்தோடு நடந்ததா, சேர்ந்து வாழ்ந்தீர்களா, சட்டப்படி முடிந்துவிட்டதா, இவ்வளவுதான். அந்த அறை பஞ்சாயத்துத் திண்ணை இல்லை, அங்கே அவரை நிறுத்தி வைத்து உனக்கு நியாயம் கேட்டுத் தர யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 'ஒருநாள்கூட வாழவில்லை' என்று நீயே எழுதி நீட்டினால் அது அவருக்கு ஒரு நஷ்டமும் செய்யாது, உன் கார்டுக்குத்தான் உலை வைக்கும். அவர் எதிராக எழுதிப் போட்டிருப்பாரோ என்று பயப்படுகிறாய், அவர் எழுதக்கூடிய மிக மோசமான வரியை நீயே எழுதி வைத்துக்கொண்டு.

ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன். அவர் உன்னை அடித்தது, மிரட்டியது, பூட்டி வைத்தது போல ஏதாவது நடந்திருந்து வெட்கத்தில் எனக்கு எழுதாமல் விட்டிருந்தால், அதற்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, வக்கீலிடம் உடனே சொல். இல்லையென்றால் நேர்காணலில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்று சொல், வக்கீலையும் கூட்டிக்கொண்டு போ. வாடகை ஒப்பந்தத்தில் முதல் வருஷம் உன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டால் நடந்ததை ஒரு வரியில் சொல், அவர் மனசுக்குள் என்ன நினைத்தார் என்று நீ விளக்கவேண்டாம். அழுகை வந்தால் அழுதுவிட்டுப் பதில் சொல். விவாகரத்தைப் பற்றிப் பேசும்போது அழுகிறவர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

அந்த ஆடிப்பெருக்குப் படத்தை வக்கீல் லிஸ்டுக்காகச் சேர்த்த காகிதங்களோடு சேர்த்துவிடு. பின்னால் தேதியும், எந்தப் படித்துறை, கூட நிற்பது யார் யார் என்றும் எழுது. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஆடிப் பதினெட்டில் மாலையை ஆற்றில் விடுவார்கள் என்று அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும், நீதான் சொல்லவேண்டும். அதைச் சொல்லும்போது உன் குரல் எப்படிப் போகிறதோ அப்படிப் போகட்டும்.

உன் அம்மா தெருவுக்குச் சொல்கிற பொய்யைப் பற்றி இப்போது விடு, அது அவர் சமாளிக்கவேண்டியது, உனக்கு வேறு வேலை இருக்கிறது. அப்பாவைப் பற்றி நீ எழுதியிருப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் உதவி செய்ய மறுக்கவில்லை. மூன்று மா நிலத்தை விற்றவர், மாப்பிள்ளை மோசம், கல்யாணமே பொய் என்று நீ சொன்னதை நம்பி மனசைக் கல்லாக்கிக்கொண்டவர், இப்போது அதே கல்யாணம் நிஜம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடு என்கிறாய். அவர் கேட்டது நியாயமான கேள்வி, இந்த விஷயத்தில் உன்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பொய்க் கையெழுத்துப் போடத் தெரியாத அப்பா கிடைத்திருக்கிறார், அவர்மேல் போய்க் கோபப்படுகிறாய்.

அவர் இன்னும் நெல்லுக்குக் காவல் கிடக்கிறார் என்றால் ராத்திரிச் சாப்பாட்டை நீ எடுத்துக்கொண்டு போ. 'அப்பா, ஆரம்பத்தில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அப்புறம்தான் கெட்டுப்போச்சு, கோபத்தில் அப்படிச் சொல்லிட்டேன்' என்று சொல். அங்கேயே அழுகை வந்தாலும் பரவாயில்லை, அவருக்கு எதிரில் வருவது நல்லதுதான். அதற்கப்புறம் அவர் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதச் சொல், நிச்சயம் எப்படி நடந்தது, மாப்பிள்ளை எத்தனை முறை வீட்டுக்கு வந்தார், நீ அங்கிருந்து போன் பண்ணும்போது என்ன பேசினாய், அவ்வளவு போதும். நோட்டரி கையெழுத்து வேண்டுமா, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வைக்கவேண்டுமா என்பதை ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே வக்கீலிடம் கேட்டுக்கொள், டாலஸ் போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவைத் தஞ்சாவூருக்கும் வீட்டுக்குமாக அலையவிடாதே.