எழும்பூர் மியூசியமும் நம் மனசும்: கேள்வி பதில்

கேள்வி (கொளத்தூர் வாசகர்): கோயிலில் நடராஜரைப் பார்த்தால் மனம் உருகுகிறது. எழும்பூர் மியூசியத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன் நின்றால் ஒன்றுமே தோன்றவில்லை. என்னிடம்தான் குறையா?

பதில்: இல்லவே இல்லை. கோயிலில் பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகம், கைகள், தூக்கிய திருவடி, இவ்வளவுதான் தெரியும். கற்பூர ஆரத்தியின் வெளிச்சம் ஆட ஆட, முகமும் அசைவதுபோல இருக்கும். மியூசியத்தில் விளக்கு அசையாது. அதனால் நீங்கள்தான் அசைய வேண்டும்.

முதலில் பத்தடி தள்ளி நின்று, உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். முழுப் பாரமும், காலடியில் கிடக்கும் முயலகன் என்ற அசுரன் மேல் ஊன்றிய வலக்காலில்தான். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் நகருங்கள். நேரே நின்றபோது தட்டையாகத் தெரிந்த இடக்கால் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். அடுத்து, முட்டி மடக்கிக் கொஞ்சம் தாழ்ந்து, கீழிருந்து மேலே பாருங்கள். உற்சவரைத் தோளில் தூக்கி வருவார்கள். பக்தர்கள் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கண்மட்டத்தில் நின்று பார்ப்பது நம் காலத்துப் பழக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சிலையில் சுற்றி நிற்கும் சுடர்வளையமான திருவாசி இல்லை, இருபுறமும் பறக்கும் விரிசடையும் இல்லை. தில்லைக் கோலத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது வெறிச்சென்று இருக்கும். ஆனால் தோளிலிருந்து விரல்நுனி வரை ஓடும் கோடு தடையில்லாமல் தெரிவதும் அதனால்தான். பிரெஞ்சுச் சிற்பி ரொதான் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நடராஜரை அங்கம் அங்கமாக வியந்து எழுதினார். அது 1921-இல் அச்சானது. நீங்கள் அசல் முன்னாலேயே நிற்கிறீர்கள், அவசரப்படாதீர்கள்.

கேள்வி (பெரம்பூர்): அமராவதிச் சிற்பங்களில் ஒரு வட்டத்துக்குள் இரண்டு யானை. பார்த்ததும் பதற்றம், அப்புறம் ஒரு நிம்மதி. ஏன்?

பதில்: சரியாகத்தான் உணர்ந்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே யானை, புத்தரைக் கொல்ல ஏவிவிடப்பட்ட நளகிரி. இடப்பக்கம் மதம் பிடித்து ஆளைத் தும்பிக்கையில் சுழற்றுகிறது. வலப்பக்கம் புத்தர் முன் மண்டியிடுகிறது. நடுவில் சிதறும் கூட்டத்தையும், மேலே சாளரத்திலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். பதற்றம் அவர்களிடமிருந்துதான் நமக்குத் தொற்றுகிறது. படம் எடுக்க அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். நேர்வெளிச்சம் பட்டால் செதுக்கலின் நிழல் அழிந்து, சுண்ணாம்புக்கல் வெறும் பலகையாகத் தெரியும்.

கேள்வி (அடையாறு): ரவி வர்மா ஓவியங்களில் விளக்கின் பளபளப்புதான் தெரிகிறது.

பதில்: அரையடி அரையடியாகப் பக்கவாட்டில் நகருங்கள், ஓர் இடத்தில் பளபளப்பு விலகும். கண்ணாடி போட்ட படம் என்றால் அடர்நிறச் சட்டை உதவும், வெள்ளைச் சட்டை அப்படியே பிரதிபலிக்கும்.

கேள்வி (திருவான்மியூர்): கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியத்தில் எழுத்துகளைப் படிக்க முயன்று தோற்றுவிட்டேன்.

பதில்: யாராலும் படிக்க முடியாது. எழுத்துபோல இருக்கும், ஜாதகக் கட்டம்போல இருக்கும், பொருள் கிடையாது. கோடு எங்கே நெருங்குகிறது, எங்கே வெற்றிடம் விடுகிறது என்று பாருங்கள். புரியாத ஓலைச்சுவடியைக் கையில் வாங்கிய தவிப்பு வந்தால், அதையே குறித்துக்கொள்ளுங்கள். 1966-இல் அவர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே போய் அவரோடு இயங்கியவர்களின் படைப்புகளையும் பாருங்கள், கண் பழகும்.

கேள்வி (கல்லூரி மாணவி, தாம்பரம்): பார்த்ததைப் பற்றி எழுதினால் ‘அழகு’, ‘அற்புதம்’ தவிர வேறு வார்த்தை வரவில்லை.

பதில்: பெயர்ப்பலகையைப் படிக்குமுன் ஐந்து நிமிடம் பாருங்கள். படித்துவிட்டால் கண் அதில் சொன்னதை மட்டுமே தேடும். பென்சிலால் மூன்று வரி எழுதுங்கள்: கண்ணில் முதலில் பட்டது, அப்போது உடம்பில் நேர்ந்தது, விடை தெரியாத ஒரு கேள்வி. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் என்றால், ‘வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒன்றுதான், ஆனாலும் ஒரு பக்கம் குறைந்ததாகத் தோன்றவில்லை, ஏன்?’ என்று எழுதலாம். எழுதிய வரி பக்கத்துச் சிலைக்கும் பொருந்தினால் அடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கேள்வி (ஆவடி): ஒரே நாளில் எல்லாக் கூடமும் முடியுமா?

பதில்: கால்தான் வலிக்கும். ஒரு தடவைக்கு ஐந்தாறு படைப்புகள் போதும். வெள்ளிக்கிழமை விடுமுறை; வேறு ஒரு வேலைநாளில் காலையிலேயே போய்விடுங்கள்.