ஒரே விமானம் ஒரு நாள் காதைக் கிழிக்குது, ஒரு நாள் போறதே தெரியல, ஏன்?

நீங்க புதுச்சேரி ஏர்போர்ட் இருக்கற லாஸ்பேட்டை பக்கம் புதுசா குடி வந்திருக்கீங்கன்னு நினைக்கிறேன், பழைய ஆளுங்களுக்கு இந்தக் கேள்வி வராது. நான் பைலட் இல்ல, இன்ஜினியரும் இல்ல, கருவடிக்குப்பத்துல வீடு, அவ்ளோதான் என் தகுதி.

2018 கோடை, என் பொண்ணுக்கு நாப்பது நாள் கூட ஆகல. தூளியில போட்டு ஒரு மணி நேரம் ஆட்டி அப்பதான் கண்ணசந்தா, தலைக்கு மேல புரொப்பல்லர் விமானம் ஒண்ணு கிளம்பி வந்துச்சு, வீறிட்டு எழுந்துட்டா. முந்தின நாள் அதே பிளைட் போனது கூட தெரியல. ஓட்டுறவன் வேணும்னே முறுக்குறான்னு மொட்டை மாடியில நின்னு கத்தினேன் (சிரிக்காதீங்க). மீனம்பாக்கத்துல வேலை பாக்குற மச்சானுக்கு போன் போட்டா, "மாமா, அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"ங்கறான். எரிச்சலா வந்துச்சு.

ஆனா விஷயம் அதான். விமானம் காத்துக்கு எதிர்ல தான் கிளம்பும். கடக்காத்துன்னா எங்க பக்கம் வரும், மேக்காத்துன்னா அந்தப் பக்கம் போயிடும். வெயில்ல காத்து லேசாயிடறதால ஏத்தமும் மெதுவு, ஆளும் மூட்டையும் ரொம்பினா இன்னும் தாழ்வா தான் போகும். உயரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையுமாம்.

பெரிய ஜெட்டுக்கு ஐசிஏஓ (உலக நாடுகளோட விமானப் போக்குவரத்து அமைப்பு) ரெண்டு வழிமுறை வச்சிருக்கு. ஒண்ணு, 800 அடி தாண்டினப்புறம் பவரைக் குறைச்சு, வேகம் கூட்டாம 3000 அடி வரைக்கும் நிமிர்ந்து ஏறுறது, கிட்ட குடியிருக்கறவங்களுக்கு லாபம். இன்னொண்ணு, 800 அடிக்கு மேல மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகம் பிடிச்சு ஃபிளாப்பை (கிளம்பறப்போ இறக்கையில நீட்டி வைக்கற மடிப்புப் பலகை) உள்ள இழுத்துட்டு அப்புறமா பவரைக் குறைக்கறது, இதுல தூரத்து ஊர்க்காரங்களுக்கு நிம்மதி. ஆக யார் தலையில கொட்டறதுங்கறது தான் கணக்கு. இப்படி சொன்னதும் விமானக் கம்பெனிக்கு ஜால்ரான்னு கிளம்பி வராதீங்க, குழந்தையத் தூளியில வச்சு ஆட்டினவன் நான்.

உண்மையில பிளைட் ரெண்டு நிமிஷம், போயிடும். ஈசிஆர்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு காலி ரோட்டுல மியூசிக் ஹார்ன் அடிச்சுட்டுப் போறானே பஸ்காரன், அவனுக்கு எந்த 800 அடி, எந்த 3000 அடி? முன்னாடி ஒரு நாய் கூட இல்ல, யாருக்குய்யா அந்த ஹார்ன்?